செயலி பேசட்டும், ஆஸ்பத்திரியில் ஆளும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வெளிநாடு போகிறவர்களுக்கு எது வசதி, எது இணையம் இல்லாமலும் ஓடும், கேமராவைக் காட்டினால் ஓட்டல் மெனுவை எது சரியாகப் படிக்கும் என்று நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஊர் சுற்றப் போகிறவருக்குச் செயலி தப்பாகச் சொன்னால் வேறொரு சாப்பாடு வரும், அவ்வளவுதான். பிழைக்க வந்த ஊரில் காய்ச்சலோடு நிற்கிறவருக்கு அது தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? அந்த ஆளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் முழுக்கப் போடுங்கள்.

நான் திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடையைச் சுற்றி பனியன் கம்பெனிகள்தான். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் வருகிறவர்களில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள். டைலர், செக்கிங், அயர்னிங், டையிங் என்று எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள், தலையைப் பிடித்துக் காட்டுவார்கள், நாங்களும் விரலைக் காட்டி மாத்திரை கொடுத்து அனுப்புவோம். எத்தனை நாளாக வலி, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, மாசமாக இருக்கிறாரா என்று எதையும் கேட்க வழி கிடையாது. இப்போது அவர்களே போனை நீட்டுகிறார்கள். நான் தமிழில் பேசினால் அது அவர்கள் மொழியில் பேசுகிறது.

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தைக்குப் பேதியாகிறது என்று ஒரு சின்ன வயசு அப்பா வருகிறார். ஓஆர்எஸ் பாக்கெட் கொடுக்கிறோம். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கே ஆகாது, கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதைச் சைகையில் எப்படிச் சொல்வீர்கள்? செயலி சொன்னது. அவர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டி, இதுதானே என்று கண்ணாலேயே கேட்டார். அப்போது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கடிதத்தைச் செயலிக்கு எதிரான கடிதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கவலை வேறு. செயலி வந்த பிறகு, "இனி மொழி தெரிந்த ஆள் எதற்கு, அதான் போன் இருக்கிறதே" என்கிற பேச்சு எங்கள் ஊரில் சகஜமாகிவிட்டது. கம்பெனிகளில் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரிகளிலும் சொல்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஆபரேஷனுக்கு முன்னால் வாங்குகிற ஒப்புதல் கையெழுத்தை ஒரு ஒடியா பெண்ணிடம் செயலியை வைத்தே வாங்கியதை நேரில் பார்த்தேன். அந்தப் படிவம் ஒரு முழுப் பக்கம். நர்ஸ் அதைச் சுருக்கி நாலு வரி தமிழில் பேசினார், போன் இந்தியில் பேசியது, அந்தப் பெண் தலையாட்டினார், கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அவருக்கு என்ன புரிந்தது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு வார்டு முழுக்க அவர் ஒருத்தர்தான்.

இந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பயமே. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், பெரிய இடத்தில் நிற்கிறோம் என்ற கூச்சத்தில், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். நம் ஆட்கள் துபாயிலும் ரியாத்திலும் டாக்டர் முன்னால் நிற்கும்போது இதைத்தான் செய்கிறார்கள். போன் பேசி முடித்ததும் எல்லோருக்கும் வேலை முடிந்த மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம், எந்த மொழியைத் தட்டுவது என்பதே முதல் தகராறு. வடக்கே இருந்து வந்தாலே இந்தி என்று நாம் தட்டிவிடுகிறோம். ஒடிசாக்காரருக்கு ஒடியா, பீகார்க்காரருக்கு போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் சந்தாலி. இந்தி அவர்களுக்கும் வெளியில் கற்ற மொழிதான், பஸ்ஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போதும், ஆனால் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்லப் போதாது. செயலிகளுக்கே இந்த மொழிகள் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வந்தது 2011-இல். ஒடியா 2020-இல்தான் வந்தது. போஜ்புரியும் மைதிலியும் 2022-இல், சந்தாலி 2024-இல், ஒரே மூச்சில் 110 மொழிகளைச் சேர்த்தபோது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சந்தாலியை 2003-லேயே சேர்த்தாயிற்று. அதற்குப் பிறகும் இருபது வருடம் போனது ஒரு கைபேசிச் செயலிக்குள் நுழைய.

தாமதத்துக்குக் காரணம் தெரிந்ததுதான். இந்தக் கருவிகள், ஒரே விஷயம் இரண்டு மொழியில் எழுதப்பட்ட பக்கங்களை லட்சக்கணக்கில் படித்துப் பழகுகின்றன. கூகுள் டிரான்ஸ்லேட் தொடங்கிய காலத்தில் ஐநா சபை ஆவணங்களும் ஐரோப்பிய நாடாளுமன்ற ஆவணங்களும் அதற்குத் தீனியாக இருந்தன. பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் அது கொட்டிக் கிடந்தது. தமிழிலும் ஒடியாவிலும் ஒரே செய்தி பக்கத்துக்குப் பக்கம் எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? அதனால் பல செயலிகளில் தமிழில் சொன்னது நேராக ஒடியாவுக்குப் போவதில்லை. நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்த்தான் போகிறது. போகிற வழியில் முதலில் உதிர்வது மரியாதை. என் அம்மா வயசுப் பெண்ணிடம் நான் "நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்ல, அது எந்த மரியாதையில் அவர் காதில் விழுகிறது என்று எனக்குத் தெரியாது. ஒடியாவிலும் இந்தியிலும் நம்மைப் போலவே மரியாதைக்குப் படிகள் உண்டு, ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்.

நம் பேச்சும் அதற்குக் கஷ்டம்தான். "காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு போடோணும்" என்று கொங்குத் தமிழில் சொன்னால் கருவி திணறுகிறது. புத்தகத் தமிழில் பழகிய கருவி அது. கடையில் வேலை பார்க்கும் பசங்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இதுதான்: எழுதுகிற மாதிரி பேசுங்கள், ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், "காலையில் ஒரு மாத்திரை" என்று நிறுத்துங்கள், அப்புறம் "இரவில் ஒரு மாத்திரை". அதோடு விட்டுவிடாமல் காகித கவரில் 1-0-1 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து, சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ஒரு தட்டும் போட்டுவிடுகிறோம். கடைசியாக, அவர் தலையாட்டினால் விடாமல், எத்தனை மாத்திரை, எப்போது என்று திருப்பிக் கேட்டு அவரையே விரலால் காட்டச் சொல்கிறோம். அப்படிக் கேட்கும்போதுதான் தெரிகிறது, எத்தனை பேர் வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று.

இதில் இன்னொரு சங்கடத்தைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. செயலி சத்தம் போட்டுப் பேசும். மாதவிடாய்க் கோளாறு, வெள்ளைப்படுதல், கருத்தடை மாத்திரை என்று ஒரு பெண் கேட்க வரும்போது, பத்துப் பேர் நிற்கிற கடையில் போன் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறது. ஒரு பெண் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். மறுநாள் கூட்டமில்லாத நேரத்தில், யாரிடமோ எழுதி வாங்கி வந்த ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அதிலிருந்து எங்கள் கடையில் இந்த மாதிரி விஷயமென்றால் பேச விடுவதில்லை, தட்டச்சு செய்து திரையில் காட்டச் சொல்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் உதவாது. தவிர, அவள் பேசியது எந்தக் கம்பெனியின் கணினிக்குப் போய் எங்கே தங்குகிறது என்பதும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கோப்பைப் பூட்டி வைக்கிறோம், இதை மட்டும் காற்றில் விடுகிறோம்.

எவ்வளவு தப்பு வரும், சும்மா பயமுறுத்துகிறீர்களா என்று கேட்பவர்களுக்காக, சோதித்துப் பார்த்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் சொல்கிற பத்து வாக்கியங்களை கூகுள் டிரான்ஸ்லேட்டில் 26 மொழிகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். சரியாக வந்தது 57.7 சதவீதம். குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்கிற வாக்கியம், சுவாஹிலி மொழியில் குழந்தை இறந்துவிட்டது என்று போயிற்று. அது பழைய கதை, இப்போது தேறிவிட்டது என்பார்கள். தேறியது உண்மை. 2021-இல் அமெரிக்காவில், அவசர சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளை வைத்து மறுபடி சோதித்தார்கள். ஸ்பானிஷில் 94 சதவீதம் பொருள் மாறாமல் வந்தது. ஆர்மீனிய மொழியில் 55 சதவீதம்தான். எழுத்து நிறைய இருக்கும் மொழி தப்பித்தது, குறைவாக இருக்கும் மொழி பாதியில் நின்றது. ஒடியாவும் சந்தாலியும் இதில் எந்தப் பக்கம் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முன்பைவிட இப்போது எனக்கு அதிகப் பயம் என்றே சொல்வேன். பழைய மொழிபெயர்ப்பு உளறினால் உளறுவது தெரியும், வாக்கியமே முறிந்து கிடக்கும், கேட்கிறவர் முழிப்பார், நாம் மறுபடி சொல்வோம். 2017 வாக்கில் நம் மொழிகளுக்கும் புது முறை வந்ததிலிருந்து வாக்கியம் தடங்கல் இல்லாமல் அழகாக வருகிறது, தப்பும் அதே அழகோடு வருகிறது. 2025 ஜூலையில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். நம் சரோஜாதேவி அம்மா காலமானபோது, கர்நாடக முதல்வர் சித்தராமையா அஞ்சலி செலுத்தியதைப் பற்றிக் கன்னடத்தில் போட்ட பதிவை, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் தானியங்கி மொழிபெயர்ப்பு, முதல்வரே காலமாகிவிட்டார் என்கிற பொருளில் ஆங்கிலத்தில் காட்டியது. அவர் கண்டித்தார், கம்பெனி மன்னிப்புக் கேட்டது. முதல்வர் என்பதால் ஒரே நாளில் விஷயம் வெளியே வந்தது. அதே தப்பு செக்கிங் டேபிளில் நிற்கிற ஒரு பெண்ணின் மருந்துச் சீட்டில் நடந்தால் யாருக்குத் தெரியும், யார் மன்னிப்புக் கேட்பார்கள்?

2017-இல் நடந்த ஒன்று இதைவிட மோசம். ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி, புல்டோசர் பக்கத்தில் நின்று படம் எடுத்து, காலை வணக்கம் என்று அரபியில் ஃபேஸ்புக்கில் போட்டார். ஹீப்ருவில் அது "அவர்களைத் தாக்கு" என்று மாறிப் போனது. இஸ்ரேல் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. அரபி படிக்கத் தெரிந்த ஒரு அதிகாரி அந்தப் பதிவை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த மனிதருக்கு அந்த நிலை வந்திருக்காது. பிழைப்புக்காகப் போன இடத்தில் மொழி தெரியாத தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பு என்னென்ன செய்யும் என்று நினைத்தால் எனக்கு இந்தச் சம்பவம்தான் முதலில் ஞாபகம் வரும்.

சரி, வெளியே என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 2024-இல் கொண்டு வந்த சுகாதார விதியில், நோயாளியின் உரிமையையோ சிகிச்சையையோ பாதிக்கும் முக்கியமான எழுத்தைக் கருவி மொழிபெயர்த்தால், தகுதியுள்ள ஒரு மனித மொழிபெயர்ப்பாளர் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு முன்பே, 2018-இல், கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், போலீஸ்காரர் கூகுள் டிரான்ஸ்லேட் வைத்துக் கேட்டு வாங்கிய சம்மதத்தை, ஓட்டுநருக்குப் புரிந்து கொடுத்த சம்மதமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் ஒப்புதல் படிவத்துக்கும் காவல் நிலைய வாக்குமூலத்துக்கும் இந்த மாதிரி ஒரு வரையறை வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. 2023-இல் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரில் ரயில் நிலையம் வரைக்கும் கூட்டம் போய் நின்ற நாட்களை நாங்கள் மறக்கவில்லை. அப்போது அவர்கள் மொழியில் பேசி நிலைமையைப் புரியவைக்க அதிகாரிகள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் தெரியும். வேற்று மொழிக்காரருக்கு நம்பிக்கை வர, அவர் மொழி பேசும் ஒரு முகம் வேண்டும்.

கருவி செய்கிறவர்களையும் நான் மறக்கவில்லை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022-இல் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல், அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புக் கருவி செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறது. ஆங்கிலத்தைத் தொடாமல் ஒரு இந்திய மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகிற வசதியும் அதில் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் செய்த வேலை, பெருமைதான். அவர்களிடம் என் வேண்டுகோள்: பிரதமர் உரையையும் அரசாணையையும் மட்டும் வைத்துக் கருவியைப் பழக்காதீர்கள். திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்து உட்காருங்கள். மருந்துக் கடையிலும் ஓபியிலும் பேசுகிற பேச்சு என்ன, ஒரு ஒடியா தாய் தன் குழந்தைக்கு மூச்சிரைக்கிறது என்பதை எப்படிச் சொல்கிறாள், நாங்கள் எப்படிக் கேட்கிறோம், அதைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதத்தோடு. மாத்திரை அளவு, வேளை, நாள் கணக்கு இவை வரும்போது கருவி தானே சரி என்று முடிவு செய்யாமல், எண்களைத் திரையில் பெரிதாகக் காட்டட்டும், இரண்டு பக்கமும் உறுதி செய்த பிறகு மேலே போகட்டும். இது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படும்.

ஆனால் இதெல்லாம் வரும் வரைக்கும், வந்த பிறகும், ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி புவனேஸ்வரம் போக வேண்டியதில்லை. இங்கே வந்து வருஷக்கணக்காகி, சரளமாகத் தமிழ் பேசுகிற ஒடியா பெண்கள், வங்காளப் பெண்கள் எங்கள் ஊரில் லைனுக்கு லைன் இருக்கிறார்கள். கம்பெனிகளில் சூப்பர்வைசர் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்கள்தான். இப்போதும் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, மருந்து, நோய், ஒப்புதல், ரகசியம் காப்பது பற்றிச் சில வாரம் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டையும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்து அரசு மருத்துவமனைகளில் உட்கார வையுங்கள். சும்மா உதவி செய்யச் சொல்லாதீர்கள். இன்னொன்றையும் நிறுத்த வேண்டும்: நம் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிற அவர்களுடைய பிள்ளைகளைக் கூட்டி வந்து மொழிபெயர்க்க வைப்பது. பத்து வயசுப் பெண் குழந்தை, தன் அம்மாவுக்குக் கர்ப்பம் கலைந்ததை டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று சொல்லும்படி வைக்கக் கூடாது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை இரண்டாம் தடவை செய்ய மாட்டார்கள்.

எல்லா ஊரிலும் எல்லா மொழிக்கும் ஆள் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதற்கும் வழி இருக்கிறது. 104 மருத்துவ உதவி எண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒடியா, வங்காளம், போஜ்புரி, சந்தாலி, அசாமி தெரிந்தவர்களை அதில் உட்கார வைத்தால், தாராபுரத்தில் இருக்கிற டாக்டரும் போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளியோடு பேசலாம். அதே போன்தான், அதே ஸ்பீக்கர்தான், ஆனால் அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பார். அவர் "புரிந்ததா அம்மா, திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்பார். புரியவில்லை என்று குரலிலேயே கண்டுபிடிப்பார். தப்பாகச் சொன்னால் பொறுப்பு ஏற்கவும் அவருக்கு மேலே ஒரு அலுவலகம் இருக்கும்.

நேரத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலாளிகளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், மற்ற நாளில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வெளியே வர முடிகிறது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஓபியில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு, திட்டம் போட்டாயிற்று என்று அறிவித்தால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஞாயிறும், வார நாட்களில் இரவு பத்து வரையும் ஒரு ஒடியா தெரிந்தவர், ஒரு இந்தியும் போஜ்புரியும் தெரிந்தவர், முதலில் இந்த இரண்டு பேரை மட்டும் போடட்டும். சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர்களிடம் கேட்கலாம், அவர்கள் தொழிலாளிகள்தானே இவர்கள். மருந்துக் கடைக்காரர்கள் எங்கள் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது, சூரியனும் நிலாவும் போட்ட கவரை எல்லாக் கடைக்கும் பொதுவாக அச்சடிப்பது பற்றி இந்த மாதக் கூட்டத்தில் பேசப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
திருப்பூர்.